பேரம் பேசாத வாடிக்கையாளர்கள்

கம்பளக் கடைக்காரர் ஷாத்லி விலையைச் சொல்லிவிட்டு முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். எதிரில் இருப்பவர் தலையில் கைவைத்து, "கம்பளத்துக்குக் கேக்குறியா, கடைக்கே கேக்குறியா?" என்று அலறவேண்டிய நேரம் அது. சூஸா நகரத்திலிருந்து வந்த அந்த ஆளோ, "சரிங்க ஹாஜி, கட்டுங்க" என்றார். ஷாத்லியின் முகம் கறுத்துப்போயிற்று.

எங்கள் கைரவான் நகரக் கம்பளச் சந்தையில் யாருக்கும் நாக்கு குட்டையில்லை. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். கம்பளி மூட்டை சுமந்தே மூன்று கடை பிடித்தவன். என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறக்கவேண்டும். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு தொழுகை விரிப்புக்காக மதியத் தொழுகையிலிருந்து சாயங்கால அஸர் தொழுகை வரை வியர்க்க வைத்தவர் ஷாத்லி. திட்டுவார், தேநீர் ஊற்றுவார், மறுபடி திட்டுவார்.

நோன்புப் பெருநாள் கழிந்து அவருக்கு நெஞ்சடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். "படபடப்பு ஆகாது" என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல்லை ஷாத்லியின் மனைவி மஹ்பூபா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உப்பு போயிற்று. மிளகாய் விழுது ஒளிந்துகொண்டது. மதியம் கணவர் கண்ணயர்ந்தால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பார். மனைவி பயந்துவிடக் கூடாதென்று ஷாத்லி விழித்தபடியே குறட்டை விடுவார்.

அதோடு விட்டாரா மஹ்பூபா? கடைவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ரகசியமாகச் சொல்வார்: "நெஞ்சு நோவு கண்ட மனுஷன். சொன்ன விலைக்கு வாங்கு, இல்லேன்னா வாய மூடிட்டுப் போயிடு." பழக்கதோஷத்தில் நான் ஒருநாள் "பாதி விலை" என்று ஆரம்பித்தேன். முக்காலியை என் கால்விரல்மேல் நகர்த்திவிட்டார்.

கல்லா நிறைந்தது, மனிதர் வற்றினார். ஒருநாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"சாகப்போறவன்கிட்டதான்யா எவனும் பேரம் பேச மாட்டான். டாக்டரு என்கிட்ட மறைச்சத ஊருக்குச் சொல்லிட்டாரு. மாத்திரைய நிறுத்திட்டேன். எதுக்கு வீண்செலவு?"

நான் சுற்றி வளைக்கிற ஆளில்லை. நேரே மஹ்பூபாவிடம் போய், அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். "தாயி, நீங்க அவரக் காப்பாத்தல. உயிரோட இருக்குற மனுஷனுக்குப் பொணத்துக் கஃபன் துணி சுத்துறீங்க" என்றேன்.

மறுநாள் வாசலில் முக்காலி இல்லை. மஹ்பூபா கடைக்குள் நுழைந்து, ஒரு சிவப்புக் கம்பளத்தை உதறினார்.

"இது என்ன விலை?"

"உனக்கெதுக்கு அது?"

"மகளுக்கு. விலையச் சொல்லு மனுஷா."

"ஐநூறு தினார்" என்றார் ஷாத்லி, சுரத்தில்லாமல்.

"ஐநூறா! இத நெய்தவளுக்குக் கண்ணு தெரியுமா? இருநூறு."

ஷாத்லி நிமிர்ந்தார். "இருநூறுக்குக் குஞ்சத்த வேணா வெட்டித் தரேன்."

"குஞ்சத்ததான் நாய் கடிச்சு வெச்சிருக்கே!"

"உங்கப்பன் வீட்டு நாயா இருக்கும்!"

எழுந்து நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. மஹ்பூபாவின் கண் அந்த நரம்பை விட்டு நகரவில்லை. வாயும் நிற்கவில்லை.

"முன்னூறு. ஆனா நீ நிறுத்தின ரெண்டு மாத்திரையையும் இப்பவே முழுங்கணும்."

"நானூறு. ஒரு மாத்திரை."

மஹ்பூபா கம்பளத்தைத் தரையில் எறிந்துவிட்டு வெளியே நடந்தார். நடை மெதுவாகத்தான் இருந்தது. பத்துக் கடைக்குக் கேட்கும்படி பின்னாலிருந்து கத்தல் வந்தது:

"ஏ பொம்பள, நில்லு! ரெண்டு மாத்திரை!"

அவர் உடனே திரும்பவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணை அழுத்தித் துடைத்தார். உதட்டைச் சுழித்து, முகத்தை மறுபடி கடுகடுப்பாக்கிக்கொண்டு, அப்புறம்தான் திரும்பினார்.