கிணற்றுக்குள் எடுத்த காலண்டர் படம்

தண்ணீருக்குள் போட்டோ எடுக்கிற காமிராவின் விலையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெட்ராஸில் பெரிய கடை. நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். கடைக்காரர் மறுபடியும் அதையேதான் சொன்னார். அடக் கொடுமையே, அந்தப் பணத்துக்குத் திருப்பூரில் ஒரு பின்னல் மிஷினையே வாங்கிப் போடலாம்! "வேற ஏதாச்சும் பாக்கறீங்களா சார்?" என்று அவர் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. திருப்பூரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. அதில் இருந்தது ஒரே ஒரு காமிரா. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் அதில்தான். அது போனால் அடுப்பு எரியாது.

இந்தக் கூத்தை ஆரம்பித்தது ஒரு பனியன் கம்பெனி முதலாளி. யாரோ கொடுத்த ஆங்கிலப் பத்திரிகையில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் நீந்துகிறவர்களின் படத்தைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஏனுங்க தம்பி, நம்ம பனியன் தண்ணீல சுருங்காதுன்னு வாயில சொன்னா எவன் நம்புவான்? தண்ணிக்குள்ளயே போட்டுக்கிட்டு நீந்தற மாதிரி ஒரு படம் புடிச்சுக் குடுங்க. பொங்கல் காலண்டர்ல போட்டுரலாம்."

"காமிரா நனைஞ்சா போச்சுங்களே முதலாளி" என்றேன்.

"படம் எனக்குப் புடிச்சுப் போச்சுன்னா புதுக் காமிராவே வாங்கித் தாறனுங்க. புடிக்கலீன்னா அது உங்க பாடு."

நியாயமான பேச்சா இது? ஆனால் புதுக் காமிரா என்ற வார்த்தை என் காதில் தேனாக விழுந்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆசை யாரை விட்டது!

நீந்துகிறவனாக என் மச்சானையே பிடித்தேன். அவன் என் மனைவியின் அண்ணன், அதே கம்பெனியில் பின்னல் மிஷின் ஓட்டுகிறவன். பக்கத்து நெருப்பெரிச்சல் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன், கிணற்றில் மீன் மாதிரி கிடப்பான். அப்பா அம்மா இல்லாத என் மனைவியைத் தூக்கி வளர்த்தது அவன்தான். அவளுக்கு அவன் அண்ணன் மட்டும் இல்லை, தாய்வீடே அவன்தான். "எங்கண்ணனைச் சூதானமா கூட்டிட்டுப் போயிச் சூதானமா கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம் மூன்று நாளாகச் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சிலிண்டருக்கும் வழியில்லை, காமிராவுக்கும் வழியில்லை. இருக்கிற காமிராவைத் தண்ணீர் புகாமல் எதிலாவது வைக்க வேண்டும். முதலில் வெந்நீர் ஒத்தடப் பையை அறுத்துப் பார்த்தேன். ஆழத்தில் தண்ணீர் அமுக்குகிற அமுக்கலில் அது காமிராவோடு ஒட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தவே விடாது என்று பக்கத்துத் தொட்டியிலேயே தெரிந்துபோயிற்று. பிறகு மிட்டாய்க் கடைக் கண்ணாடி பாட்டில். அதன் வளைவு வழியாகப் பார்த்தால் மச்சானின் மூக்கு பூசணிக்காயாகத் தெரிந்தது. கடைசியில் சாயப்பட்டறைத் தொட்டிகளுக்குப் பற்றவைக்கிறவரிடம் போய், முன்பக்கம் தட்டையான கண்ணாடி வைத்த தகரப் பெட்டி ஒன்றைச் செய்து வாங்கினேன். மூடியைச் சுற்றி பாய்லர் ரப்பர். பொத்தானை அழுத்தும் கம்பி ஒரு சைக்கிள் வால்வு டியூப் வழியாக வெளியே வந்தது. ஃபிலிமைச் சுற்றப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும், ஆகையால் ஒரு முழுக்குக்கு ஒரு படம்தான்.

காமிரா இல்லாமல் உள்ளே வெள்ளைப் பனியன் துணியை வைத்து முதலாளியின் தோட்டத்துக் கிணற்றில் முக்கினோம். முக்கினோம் என்றா சொன்னேன்? பெட்டி மிதந்தது! உள்ளே இருக்கிற காற்று அதைத் தக்கை மாதிரி மேலே தள்ளியது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாப்ள, இது காமிராப் பொட்டியில்லீங்க, நீச்சல் பழகற சொரப்புருடை!" பிறகு நூல் குடோன் எடைக்கற்களை அடியில் கட்டினோம். பெட்டி மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. வெளியே எடுத்துத் திறந்தால் துணி காய்ந்து கிடந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். திருப்பூர்க்காரன் எதைக் கட்டுவதென்றாலும் பனியன் வேஸ்ட் துணியைத்தான் கிழிப்பான். சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டவும் அதுதான், வெட்டுக்காயத்துக்கும் அதுதான். பெட்டி கை தவறி ஆழத்துக்குப் போய்விடக்கூடாது என்று ஒரு பனியன் துணி வாரால் அதை என் இடது மணிக்கட்டோடு கட்டிக்கொண்டேன். இரண்டு முடிச்சு. அது நனைந்து இழுபட்டால் முடிச்சு எப்படி இறுகும் என்று அந்த ஊரில் தெரியாதவன் யார்? நினைக்கவே இல்லை.

வெயில் நேர் மேலே வந்து கிணற்றுக்குள் அடிமட்டம் வரை இறங்கிய உச்சிப்பொழுதில் இறங்கினோம். முதலாளி மோட்டார் ரூம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் முழுக்கில் பனியனுக்குள் காற்றுப் புகுந்து அது மச்சானின் கழுத்துவரை ஏறிவிட்டது, தொப்புள்தான் படமாகியிருக்கும். பனியனின் கீழ் ஓரத்தை டிராயரோடு சேர்த்துத் தைத்து, ஃபிலிமைச் சுற்றிப் பெட்டி மூடியை அவசரமாக முடுக்கிவிட்டு மறுபடி இறங்கினோம். இந்த முறை அவன் எதிர்ச்சுவர் ஓரம், நான் இந்தப் பக்கம்.

பெட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். கனத்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கோடு நெளிந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்! ஐயோ என் காமிரா என்றுதான் நினைத்தேன், சத்தியமாக வேறெதுவும் நினைக்கவில்லை. அதற்குள் பெட்டி என் கையைப் பிடித்துக் கீழே இழுக்க ஆரம்பித்துவிட்டது. எடைக்கற்களும் தண்ணீரும் சேர்ந்த கனம். காலை உதைத்தேன், வார் நீண்டுகொண்டே போனது, அறுபடவில்லை. அவிழ்க்கப் போனால் முடிச்சு கல்லாக இருந்தது. வெளிச்சம் தலைக்கு மேலே சின்னதாகிக்கொண்டே போயிற்று. செத்தோம் என்று தெரிந்துவிட்டது.

அப்போது மச்சான் வந்தான். இரண்டு கையையும் விரித்து, வாயைப் பிளந்து, கண்கள் வெளியே தெறிக்கிற மாதிரி என்னை நோக்கிப் பாய்ந்து வந்தான். நீருக்குள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? கத்தியிருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. என் வலது கை எதையாவது பிடித்தால் போதும் என்று பெட்டியின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. அவன் பெட்டிக்கு அடியில் போய்த் தோளால் அதை மேலே ஏந்தினான். வார் தளர்ந்தது. அந்த வளையத்தை அப்படியே என் கையிலிருந்து உருவினான், தோலும் கூடவே வந்தது. பெட்டி கீழே போயிற்று, நாங்கள் மேலே வந்தோம்.

படியில் கவிழ்ந்து கிடந்து இருமினோம். மச்சான் உதடு நீலமாகியிருந்தது. பேச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "என்ற தங்கச்சிகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாப்ள. அவ செத்துப்போயிருவா."

"என்னாச்சுங்க?" என்று மேலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"வார் அறுந்து பொட்டி உளுந்துருச்சுங்க" என்றான் மச்சான். வீட்டிலும் அதையே சொன்னோம். கைக்காயத்துக்குப் படியில் வழுக்கிவிட்டேன் என்று ஒரு பொய்.

அன்று சாயங்காலமே பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவிப் பெட்டியை எடுத்தார்கள். காமிராவுக்குள் சேறு. நனைந்த ஃபிலிம் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தண்ணீரிலேயே வைத்திருந்து கழுவினேன். ஒன்றும் வராது என்றே நினைத்தேன். ஒன்று வந்தது. கைகளை விரித்து, வாயைப் பிளந்து மச்சான் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். நான் கம்பியைப் பிடித்த பிடியில் படம் விழுந்திருக்கிறது. சேதமான ஓரத்தை வெட்டிவிட்டால், பளிச்சென்று வெள்ளைப் பனியன். ஒரு சுருக்கம் இல்லை.

கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. மச்சான்தான் வற்புறுத்தினான். "தை பொறந்தா முகூர்த்தம் வருது. காமிரா இல்லாம என்ன பண்ணுவீங்க? குடுங்க மாப்ள, போச்சாது, பரவாயில்லீங்க."

முதலாளி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடடா! என்னமாச் சிரிக்கறான் பாருங்க! நம்ம பனியனைப் போட்டா வர்ற சந்தோஷமுங்க அது!"

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். சொன்னபடி புதுக் காமிராவை வாங்கிக் கொடுத்தார், குறை சொல்லக்கூடாது. பொங்கலுக்குள் மளிகைக் கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு ஓட்டல் எங்கே பார்த்தாலும் மச்சான் தொங்கினான். "உங்க மச்சான் என்னமா சிரிக்கறாப்ல!" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் சொன்னார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு காலண்டர் வந்தது. அண்ணன் படம் என்று என் மனைவி ஆசையாகப் பிரித்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏனுங்க."

"என்ன?"

"எங்கண்ணன் சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கும். இது சிரிப்பில்லீங்க." அவள் காலண்டரை என் பக்கம் திருப்பினாள். "நான் சின்னவளா இருந்தப்ப வாய்க்கால்ல உளுந்துட்டேன். அன்னைக்கு எங்கண்ணன் இதே மூஞ்சியோடதான் ஓடியாந்துச்சு. கெணத்துக்குள்ள யாருங்க முழுகுனது?"

ஊரெல்லாம் பார்த்த படம். ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

"நான்தான்" என்றேன்.

அவள் காலண்டரில் இருந்த அந்த முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஓவென்று அழுதாள்.