இரண்டு கொட்டகை, இரண்டு முடிவு

எல் ரெமான்சோ ஊரில் சினிமாக் கொட்டகை இரண்டு. வாரா வாரம் ஆற்றில் லாஞ்ச் ஏறி வரும் படப்பெட்டியோ ஒன்றே ஒன்று. மேட்டுப் பேட்டை கொலோன் கொட்டகையில் நாலு மணிக்குப் படம் ஓடத் தொடங்கும். அதே படம் ஐந்து மணிக்கு ஆற்றங்கரைப் பேட்டை அப்போலோவில் ஓட வேண்டும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது தில்சாவின் சைக்கிள்.

அந்த வேலை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது எளிதாக நடந்ததல்ல. அவள் கணவன் ரோகெலியோ மரம் ஏற்றிய படகோடு ஆற்றில் மூழ்கிப் போனபோது அவளுக்கு வயது இருபத்திமூன்று, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. துணி துவைத்தாள், மீன் உலர்த்தினாள். ஒருநாள் இரண்டு கொட்டகைக்கும் முதலாளியான தோன் நசீபிடம் போய், "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் முதலாளி" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தோன் நசீப் மட்டும் சிரிக்கவில்லை.

"ஓட்டு. ஆனா ஒரு ரீல், ஒரே ஒரு ரீல் தப்பாப் போச்சுன்னு வையி, அன்னிக்கே சைக்கிளைச் சுவத்துல சாத்திட்டுப் போயிடணும். சரியா?"

"சரி முதலாளி."

மூன்று வருடம் ஒரு ரீல் தப்பவில்லை. மழையில் நனைந்தாள், நாய் துரத்தியது, ஒருமுறை முழங்கால் கிழிந்து ரத்தம் வழிய வழிய வந்து சேர்ந்தாள். ரீல் மட்டும் நேரத்துக்கு வந்தது. 'நான் யாரிடமும் கை நீட்டாமல் என் மகளை வளர்க்கிறேன்' என்ற நினைப்புதான் அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் எரிந்த ஒரே விளக்கு.

கன்டெலாரியா மாதாவின் ஒன்பது நாள் பூசை நடந்துகொண்டிருந்த அந்த ஜனவரியில், ஊருக்கு ஓர் உளவாளிப் படம் வந்தது. பெயர் 'ஆறு மணிக் கப்பல்'. கார்வர் என்று ஓர் உளவாளி. எதிரி நாட்டுக்காரி வேராவை அவன் காதலிக்கிறான். திங்கட்கிழமை தொடங்கிய படம், செவ்வாய்க்கிழமைக்குள் ஊரை இரண்டாக வெட்டிவிட்டது.

பூங்காவில், பாதாம் மரத்தடியில், டோமினோ ஆடும் மேசை ஒன்று உண்டு. எந்தப் படம் வந்தாலும் மறுநாள் காலை அங்கேதான் விசாரணை. நாவிதர் எவரிஸ்தோ மேட்டுப் பேட்டைக்கு வக்கீல். மீன் விற்கும் தொமாசா ஆற்றங்கரைக்கு வக்கீல்.

"காதல்னா அது காதல்! பொண்டாட்டிகிட்ட 'பாத்துக் கத்துக்கோ'ன்னேன். அவ 'நீ பாத்துக் கத்துக்கோ'ன்னுட்டா" என்றார் எவரிஸ்தோ.

தொமாசா மீன் கூடையைத் தரையில் வைத்தாள். "எதுய்யா காதல்? கட்டிப் பிடிச்ச கையாலேயே சுட்டானே, அதுவா? அந்தக் கார்வரை எங்க துறையில இறக்கிவிடு. செதில் சீவுற மாதிரி சீவிடறேன்."

"அட, அது சும்மா சுட்டதும்மா! பொய்த் தோட்டா! மேலதிகாரி கண்ணுல மண்ணைத் தூவ!"

"செத்துக் கிடக்கா, பொய்யாம். நீ கத்தரிக்கிற லட்சணத்துலயே தெரியுதே உன் கண்ணு."

"நீ திரையைப் பாத்தாத்தானே? கொட்டகைக்குள்ள உக்காந்து பக்கத்து வீட்டுக் கதை பேசுவே!"

இப்படி நாலு நாள். மேட்டுப் பேட்டையில் படம் முடிந்ததும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். ஆற்றங்கரையிலோ காலிப் பாட்டில்கள் திரையை நோக்கிப் பறந்தன. வியாழக்கிழமை ஒரு மைத்துனன் மைத்துனனை அடித்துவிட்டான். ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை மேட்டுப் பேட்டை, பெண் ஆற்றங்கரை.

வெள்ளிக்கிழமை காலை தில்சா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே அந்தச் சண்டையைக் கேட்டாள்.

"துறைமுகத்துல வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாளே, அவ யாரு? ஆவியா?" என்று எவரிஸ்தோ கேட்டார்.

"அது முன்னாடி வர்றதுய்யா! தொப்பியோட கட்டிப்பிடிச்சிட்டு, அப்புறம் ஓட்டல் ரூமுக்கு வந்து சுடறான். அதோட விளக்கைப் போட்டுட்டாங்க."

தில்சாவின் கை நின்றது.

தில்சாவுக்குப் படத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வாசலில் காத்திருக்கும்போது காதில் விழுவதுதான். மேலே, கொலோனில், கடைசியாகக் கேட்பது கப்பல் சங்கு. கீழே, அப்போலோவில், கடைசியாகக் கேட்பது துப்பாக்கி வெடி, பிறகு பாட்டில் உடையும் சத்தம். ஒரே படம். நாலு நாளாக இந்த இரண்டையும் கேட்டவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். நாலு நாளாக அவளுக்கும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். மகள் மர்லேனேயின் தகர டப்பாக்கள் இரண்டை எடுத்தாள். ஒன்றில் கரியால் ஐந்து என்று எழுதினாள், மற்றதில் ஆறு. படத்தின் கடைசி இரண்டு ரீல்கள்.

எப்போதும் இரண்டிரண்டு ரீலாகத்தான் அவள் கொண்டுபோவாள். முதலில் ஓட வேண்டிய டப்பா மேலே, அடுத்தது அதன் கீழே. கட்டுக் கயிற்றோடு அப்படியே தூக்கி, அப்போலோவின் ஆபரேட்டர் கிரிசாந்தோ மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கும் கூடையில் வைப்பாள். அவன் மேலே இருப்பதை எடுத்து மாட்டுவான். ஆனால் இந்த வாரம் ஆறு மணிக்கு மாதா பவனி பெரிய தெருவை அடைத்துக்கொள்கிறது. அதனால் கடைசி ஜோடியை மட்டும் தோள்பையில் போட்டு, சந்து சந்தாகக் கொல்லைப்புறம் வழியே ஓடினாள். ஓடிவந்த மூச்சில், பையைக் கூடைக்குள் அப்படியே கவிழ்த்தாள்.

தில்சா மகளின் டப்பாக்களைப் பையில் வைத்தாள். ஆறு கீழே, ஐந்து மேலே. பையைத் தரையில் கவிழ்த்தாள்.

ஆறு மேலே இருந்தது.

டப்பாவில் எண் இருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் முப்பது ஊர் சுற்றி வந்த பிரதி அது. ஒட்டிய காகிதமெல்லாம் உரிந்து, 'முற்றும்' என்ற எழுத்துகூட எந்த ஊரிலோ அறுந்து விழுந்திருந்தது. சுட்ட பிறகு உயிரோடு வர வேண்டிய வேரா, உயிரோடு வந்த பிறகு சுடப்பட்டுச் செத்தாள். கொன்றது கார்வர் அல்ல. தில்சா!

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு ரீல் என்றாரே முதலாளி. நாலு நாளில் இவள் எட்டு ரீலைத் தவறவிட்டிருக்கிறாள்! சொன்னால் சைக்கிள் போகும். சைக்கிள் போனால் மறுபடி யார் வீட்டு அழுக்குத் துணியோ, யார் வாசலோ.

சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூடையில் அடுக்கினாள். அப்போலோவில் கடைசியாகக் கப்பல் சங்கு ஊதியது. பாட்டில் ஒன்றுகூடப் பறக்கவில்லை. 'மாதாவே, முடிந்தது' என்று கும்பிட்டாள்.

முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பாதாம் மரத்தடியில் ஆற்றங்கரையே இரண்டாகிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்பே பார்த்தவள் தொமாசா. சனிக்கிழமை பார்த்தவள் அவளுடைய சொந்தத் தங்கை.

"அவ உயிரோட கப்பல் ஏறினா, அக்கா, என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"உன்னையும் மேட்டுக்காரன் விலைக்கு வாங்கிட்டானாடி?"

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "கிரிசாந்தோவைத்தான் வாங்கியிருக்கான்! மேட்டுக்காரங்க காசைக் கொடுத்து முடிவை மாத்திட்டாங்க!"

அவ்வளவுதான். கிரிசாந்தோவைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். ஆறு பிள்ளைகளின் தகப்பன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மேல இருக்கிறதை எடுத்து மாட்டினேன், மாதா சத்தியமா வேற எதுவும் தெரியாது" என்று அழுதான். தோன் நசீப் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், தன் கொட்டகைக் கூரையை நினைத்தார்.

"கிரிசாந்தோ, சாவியைக் கொடு. இன்னையோட உனக்குக் கணக்குத் தீர்ந்தது."

சாவி அவன் இடுப்பிலிருந்து அவிழ்ந்துகொண்டிருந்தது. தில்சாவுக்கு அந்த ஓசை நெஞ்சில் ஆணி அடிப்பதுபோல் கேட்டது. தன் பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்று இன்னொருவனின் ஆறு பிள்ளைகளின் தட்டைப் பிடுங்குவதா?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சைக்கிளைத் தள்ளி வந்தாள்.

"சாவி அவன்கிட்டயே இருக்கட்டும் முதலாளி. இந்தாங்க சைக்கிள். வேராவைக் கொன்னது நான்தான்."

கூட்டம் அவளைச் சுற்றி நெருங்கியது.

நடந்ததைச் சொன்னாள். பவனி, சந்து, தோள்பை, கூடை. வார்த்தை வராத இடத்தில், டோமினோக் கட்டைகள் இரண்டை எடுத்துத் தொமாசாவின் மீன்பையில் போட்டு மேசையில் கவிழ்த்தே காட்டினாள். "வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். வேலை போயிடுமேன்னு சொல்லலை. அதுக்கும் சேத்து என்னை அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. தொமாசா மேசையில் கவிழ்ந்த கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... அவன் அவளைக் கொல்லலையா?"

"இல்லக்கா."

"ஐயோ! நாலு நாளா அந்தப் புள்ளையை என்ன வாயெல்லாம் பேசிட்டேன்!" தொமாசா தலையில் அடித்துக்கொண்டாள். எவரிஸ்தோ சிரிக்கத் தொடங்கினார். தொமாசா அவர் பக்கம் திரும்பினாள். "சிரிக்காதேய்யா. படம் பாத்தது நாங்கதான். சுட்டுட்டு ஓடினவனை நாலு நாள் தூங்காம திட்டினோம். உங்க படத்துல என்ன இருக்கு? கட்டிப் பிடிச்சாங்க, கப்பல் போச்சு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினீங்க."

எவரிஸ்தோவின் சிரிப்பு நின்றது. "ஏன், எங்க முடிவுக்கு என்ன குறைச்சல்?"

"வந்து எங்களதைப் பாத்துட்டுப் பேசு!"

"நீங்க முதல்ல எங்களதைப் பாருங்க!"

அந்த நொடியில் பூங்காவே ஒரே குரலாகியது. "ரெண்டையும் போடு! ரெண்டையும் போடு!" ஐந்து நாள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிய ஜனம், தோன் நசீபின் கோட்டைப் பிடித்து இழுத்தது.

அவர் தில்சா பக்கம் திரும்பினார். "நான் சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா புள்ள?"

"இருக்கு முதலாளி." கைப்பிடியை விட்டாள். சைக்கிளை மெல்ல மரத்தில் சாத்தினாள். கண்ணீர் மளமளவென்று இறங்கியது. தலை மட்டும் இறங்கவில்லை.

"அவ ஓட்டலைன்னா எங்க பேட்டையில ஒருத்தர் டிக்கெட் வாங்க மாட்டோம்" என்றாள் தொமாசா. அவள் தன் இடுப்பில் கை வைத்து நின்றால் ஆற்றுத் தண்ணீரே திசை மாறும் என்பார்கள். "பொய் சொல்லித் தப்பிச்ச ஆம்பளைங்களை எத்தனை பேரை வேலைக்கு வச்சிருக்கீங்க? நிஜத்தைச் சொன்னவ இவ ஒருத்திதான்."

"எங்க பேட்டையிலயும் வாங்க மாட்டோம்" என்றார் எவரிஸ்தோ.

தோன் நசீப் தாடையைத் தடவினார். "மணி என்ன ஆச்சு? நாலு மணி ஆட்டத்துக்கு யார் ரீல் எடுக்கப்போறது? மரமா?"

அன்று மாலை கொலோனில் நிற்க இடமில்லை. கடைசி இரண்டு ரீலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தில்சா பெரிய தெருவில் திரும்பியபோது மணி ஆறு. எதிரே பவனி. பாதிரியார் அவளைப் பார்த்தார். அவரும் வியாழக்கிழமை அப்போலோவில் பார்த்தவர்தான். கையைத் தூக்கினார். சுமந்து வந்தவர்கள் மாதாவைத் தோளோடு நிறுத்தினார்கள். மெழுகுவத்திகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. நடுவே ஒரு சைக்கிள் அகலத்துக்கு வழி.

"போ தில்சா! போ!"

மேளக்காரர்கள் கையை நிறுத்த மறந்து அடித்தார்கள். கிழவர்கள் தொப்பியைத் தூக்கினார்கள். ஆற்றோடு போனவனின் மனைவி, ஊரே கைதட்ட, அந்த வெளிச்சத்தின் நடுவே மிதித்துக்கொண்டு போனாள்.

அப்போலோவில் கார்வர் சுட்டான். ஆற்றங்கரை மூச்சைப் பிடித்தது. வெள்ளைத் தொப்பியோடு வேரா துறைமுகத்தில் திரும்பிப் பார்த்ததும் கைதட்டலில் கூரையே பறந்தது. தொமாசா விம்மி விம்மி அழுதாள். சங்கு ஊதி முடிந்தும் ஒருவரும் எழவில்லை. பின்னாலேயே இறங்கி வந்து சுவரோரம் நின்ற மேட்டுப் பேட்டைக்காரர்கள், "இப்ப அவங்க முடிவைப் போடு!" என்று கத்தினார்கள். கிரிசாந்தோ ஐந்தாம் ரீலை மறுபடி மாட்டினான். வேரா விழுந்தாள், விளக்கு எரிந்தது. எவரிஸ்தோ தம் கையிலிருந்த பாட்டிலைத் திரையை நோக்கி வீசினார். ஆற்றங்கரை எழுந்து நின்று அவருக்குக் கைதட்டியது.

வாசலில் ஜனம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடத் தொடங்கியிருந்தது. இந்த முறை பேட்டைப்படி அல்ல. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்.

தில்சா டப்பாக்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். தோன் நசீப் அருகே வந்து நின்றார்.

"நாளைக்கு லாஞ்ச் காலை ஏழு மணிக்கு. புதுப் படம். எட்டு ரீலாம்."

"பெயிண்ட் வாங்கிக் கொடுங்க முதலாளி. நம்பர் போட்டுட்டுத்தான் எடுப்பேன்."

"சிவப்பா, நீலமா?"

"தூரத்துலேயே தெரியணும். சிவப்பு."