அக்காவின் வாயில் பச்சரிசி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தங்கையின் வணக்கம். "நல்லத மட்டும் எழுதும்மா" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். நல்லதுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் பச்சரிசியை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை. அக்கா மகளுக்கு இப்போது பதினாறு வயது. அவளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா வண்டியூரில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பெண். அரிசி புடைக்க உட்கார்ந்தால் ஒரு பிடி அரிசி வாய்க்குள் போய்விடும். "பச்சரிசி திங்காதடி, கல்யாணத்துல மழை கொட்டும்" என்று அம்மா சத்தம் போடுவார். சொன்னபடியே கல்யாணத்தன்று பந்தல் ஒழுகியது. மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நனைந்த பட்டுச்சேலையோடு அக்காவும் சிரித்தார். அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் இருபது வருடம் ஓடியது.

செல்லூரில் அத்தானுக்கு மாவு மில். கல்யாணமாகி அங்கே போன பிறகு மில்லும் அக்கா கைக்கு வந்துவிட்டது. மிளகாய் அரைத்த கையோடு கேப்பை அரைக்க மாட்டார். மாசமாக இருக்கும் பெண் யாராவது சத்துமாவுக்கு வந்தால் நிறுத்தி விசாரிப்பார். "எள்ளு கொஞ்சம் சேத்துக்க. முருங்கைக்கீரைய விட்றாத. வீட்டுக்காரருகிட்ட சொல்லி கறிக்கடையில சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், வாங்கியாரச் சொல்லு, ரத்தம் ஊறும்." செல்லூரில் எத்தனையோ பிள்ளைகள் அக்கா அரைத்துக் கொடுத்த மாவில் வளர்ந்தவர்கள். அக்காவோ காலையில் டீ, பதினொரு மணிக்கு டீ, மிச்ச நேரமெல்லாம் மில்லில் கைக்கெட்டும் பச்சரிசி. சாப்பாடு எல்லோரும் சாப்பிட்ட பிறகு.

முதலில் மாடிப்படியில் நின்றார். பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனவர்போல நிற்பார். பிறகு கெண்டைக்கால் இழுத்தது. பிறகு முகம் வெளுத்தது. "மாவு படிஞ்சிருக்குடி, வேற என்ன" என்றார். ஒருநாள் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். அப்போதும் அப்படியேதான் இருந்தது. அதைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்தேன். மாதாமாதம் உதிரப்போக்கு அதிகமாக இருந்ததை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அரிசி மெல்லுவது மட்டும் கூடிக்கொண்டே போனது. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்தும் போதாது என்று இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பச்சரிசி திங்கத் தோன்றுவதே ரத்தக் குறைவின் அடையாளம்தான் என்றும் சொன்னார். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. மருந்துக்கடையில் வேளை வேளையாகப் பிரித்துச் சொன்னார்கள். தல்லாகுளத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு நேரமாகிறது என்று நான் பாதிதான் கேட்டேன். அக்கா மறதிக்காரி ஆயிற்றே என்று, கிழமைக்கு ஒரு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்கி, ஒவ்வொரு அறையிலும் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். "ஒரே வாய்ல போட்டுக்கக்கா, வேலை முடிஞ்சுச்சு" என்றேன். ஞாயிறுதோறும் டப்பாவை நிரப்பியதும் நான்தான். அக்கா தவறாமல் பதினொரு மணி டீயோடு விழுங்கினார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தம் முன்னைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டையும் ஒண்ணாவா போட்டீங்க? எதோட?"

"டீயோட."

"இந்த வெள்ளை மாத்திரை செவப்ப ஒடம்புல சேர விடாதும்மா. டீ மிச்சத்தையும் சேர விடாது. யாரு இப்படிப் போடச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "நானாத்தான் சார் போட்டேன். படிப்பு கம்மி."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "அத்தான்ட்ட சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார். ஓராண்டு சொல்லவில்லை. இன்று அத்தானும் மற்றவர்களோடு சேர்ந்து இதைப் படிக்கட்டும்.

அடுத்த மாதமே காலில் நீர் கோத்தது, படுத்தால் மூச்சு முட்டியது. ரத்தம் இல்லாமல் இதயம் களைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். ரத்தம் ஏற்றினார்கள். அதைத் தாங்கும் தெம்பு அக்காவிடம் மிச்சமில்லை. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார்.

வாய்க்கரிசி போட என் முறை வந்தது. கைநிறையப் பச்சரிசியை வைத்துக்கொண்டு நின்றேன். இருபது வருடம் எது வேண்டுமென்று அந்த வாய் கேட்டதோ, அதைக் காது கொடுத்துக் கேட்காத நாங்கள் அரிசியையே திரும்பக் கொடுத்தோம். என்னால் போட முடியவில்லை. யாரோ என் கையைப் பிடித்துச் சரித்துவிட்டார்கள்.

கூப்பிட்டவுடன் ஓடிவந்து ரத்தம் கொடுத்த தறிப்பட்டறைத் தம்பிகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் உலை வைத்த தெருப் பெண்களுக்கும், தூக்கிச் சுமந்த எல்லாத் தோள்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இத்தோடு முடிப்பதாகத்தான் இருந்தேன். போன வாரம் திதிக்காக அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சுவாக்கில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். இன்னொரு பிடி. வாசலில் நின்ற அத்தான், வருடம் முழுக்கச் சிரிக்காத மனிதர், அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"மழை கொட்டப் போகுது பாரு, ஒங்கம்மா கல்யாணம் மாதிரி."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். அவள் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. மாவு என்று சொல்ல அவள் மில்லுக்குப் போகிறவள்கூட இல்லை.

"எத்தன நாளா திங்கிற?"

"தெரியல சித்தி. திங்கணும்போல இருக்கு."

மறுநாளே அவள் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு இன்னும் வரவில்லை. இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது பச்சரிசி மென்றால், மழையைச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.