மரைக்கு ஏற்ற துவக்கு

என் அக்கா கமலினியின் கணவர் யோகேஸ்வரன் அத்தான் ஐந்தடி மூன்று அங்குல உயரம். வன்னியில் ஒட்டுசுட்டானில் நீர்ப்பாசனத் திணைக்களத்து லொறிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர், 1974இல் மெல்பேர்ணுக்கு வந்து டண்டினோங்கில் ஒரு போத்தல் தொழிற்சாலையில் இயந்திரங்களைத் திருத்துகிறார். வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது. வாடகை வீடும் பிடித்திருக்கிறது. குளிர்கூடப் பழகிவிட்டது. ஒரு குறைதான் மூன்று வருடமாக இருந்தது. தொழிற்சாலையில் ஆறு பேர் குளிர்காலம் வந்தால் மரை வேட்டைக்குப் போவார்கள். இவரை ஒருவரும் கேட்டதில்லை.

மரை என்றால் தமிழ்நாட்டுக்காரர் கடமான் என்று சொல்கிற பெரிய மான். இலங்கையிலிருந்த வெள்ளைக்காரர் அதற்கு எல்க் என்று பெயர் வைத்தார்கள். நூறு வருடத்துக்கு முன் கப்பலில் கொண்டுவந்து விட்ட மரைகள் விக்டோரியாவின் மலைக்காடுகளில் பெருகிக் கிடக்கின்றன. அத்தான் சின்ன வயதிலிருந்தே மரை தெரிந்தவர். இங்கே அதைத் தேடிப் போகிறவர்கள் பக்கத்து மேசையில் தேநீர் குடிக்கிறார்கள், அவர்களிடம் வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

1977 ஏப்ரலில் அந்த ஆறு பேரில் ஒருவர் ஓய்வு பெற்றுக் குயின்ஸ்லாந்துக்குப் போனார். கூட்டத்துக்குத் தலைவர் ரொன் என்ற போர்மன். தேநீர் நேரத்தில் அவர் அத்தானைப் பார்த்து, "நீ துவக்குப் பிடிச்சிருக்கிறியா?" என்று கேட்டார். அவர்கள் பேசுவது ஆங்கிலம். அத்தான் வீட்டுக்கு வந்து திருப்பிச் சொல்லும்போது ரொன் எங்கள் ஊர்த் தமிழ்தான் பேசுவார். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

"பிடிச்சிருக்கிறன். மரையும் சுட்டிருக்கிறன்."

"அப்ப மே மாதக் கடைசியில சுடுகளத்துக்கு வா. நூறு யார் தூரத்தில ஒரு கடுதாசிக் கோப்பை வைப்பன். அஞ்சு வெடியில நாலு கோப்பையில பட்டா நீ வரலாம். படாட்டி வீட்டில இரு. காயப்பட்ட மரைக்குப் பின்னால மலை ஏற எனக்கு முழங்கால் இல்லை."

லைசென்ஸ் பொலிஸ் நிலையத்தில் கிடைத்தது. அடுத்தது துவக்கு. அத்தானுக்குத் தெரிந்தது ஊரில் எல்லோரும் வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கு, சன்னம் சிதறுகிற வகை. இங்கே வேண்டியது ரைபிள். அதில் எத்தனையோ வகை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தோட்டா. தொழிற்சாலையில் ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். இத்தாலிக்காரர் ஜீனோ தன்னிடம் .300 மக்னம் இருப்பதாகவும், ஆம்பிளைக்கு அதுதான் என்றும் சொன்னார். அந்த ஆறு பேரில் நாலு பேரிடம் மக்னம்தான். அத்தான் கடைக்குப் போய் அதையே வாங்கினார். மேலே தூரம் பார்க்கிற கண்ணாடிக் குழாயும் பூட்டியிருந்தது. கடைக்காரர் அவருடைய உயரத்தைப் பார்த்து, "ஒரு மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருகிறேன்" என்றாராம். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை.

சுடுகளத்தில் முதல் வெடி. ஊரில் ஒற்றைக்குழலைச் சுடுகிறவர்கள் கன்னத்தைத் துவக்கின் மரக்கட்டையில் அழுத்தி, முகத்தை முன்னுக்குத் தள்ளி, குழலோடு குழலாகப் பார்ப்பார்கள். அத்தானும் அப்படியே பார்த்தார். மக்னம் பின்னுக்கு உதைத்த உதையில் கண்ணாடிக் குழாயின் விளிம்பு அவர் வலது புருவத்தை வெட்டியது.

அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. கதவைத் திறந்ததும், "இஞ்சாருங்கோ, உது எந்த மாடு முட்டினது?" என்று கேட்டுவிட்டு, கதிரையில் இருத்திக் காயத்தைக் கழுவிப் பிளாஸ்டர் ஒட்டினாள்.

"பிழை என்னிலதான்" என்றார் அத்தான். "முகத்தைக் கிட்டக் கொண்டு போனன்."

அடுத்த ஞாயிறு சிவபாலன் அங்கிள் வீட்டில் தேவாரம் படிக்கப் போனோம். பிளாஸ்டர் எடுத்த இடத்தில் வெட்டு வளைவாகச் சிவந்து தெரிந்தது. அங்கிள் வாசலிலேயே அத்தானை மறித்தார். "என்ன யோகேஸ், பிறை சூடிக்கொண்டு வந்திருக்கிறீர். உம்மைப் பாத்துத்தான் இண்டைக்குப் பாடவேணுமோ?" அன்று முழுக்க அத்தானுக்குப் பெயர் சந்திரசேகரர். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றை அவர் மறைத்து வைத்திருந்தார். காரின் பின்பெட்டியில் அரிசி மூட்டையைத் தூக்கியபோது அக்காவின் கையில் ஒரு கடுதாசிக் கோப்பை அகப்பட்டது. அதில் ஒரே ஒரு ஓட்டை.

"எத்தினை வெடி?"

"அஞ்சு."

"மிச்சம் நாலும் எங்கை?"

"அங்காலை ஒரு மேடு இருக்கு. அதுக்குத்தான் தெரியும்."

பிறகு அத்தான் தானாகச் சொன்னார். "வெடிக்க முதலே கண் மூடுது கமலினி. நான் மூடேல்லை. அது தானா மூடுது."

"அப்ப சின்னதா ஒண்டு மாத்துங்கோவன்."

"அவங்கள் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். அந்தக் கோப்பையைப் பாத்தாலும் சிரிப்பாங்கள்தானே."

சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அக்கா குசினிக்குப் போனவள் திரும்பி வந்து வேறொன்று கேட்டாள். "அவையள் பங்கு தருவினமோ? தந்தால் முன்னங்கால் சப்பையைக் கேட்டு வாங்குங்கோ. வத்தல் போடலாம்."

மரை வத்தல் என்றால் இறைச்சியை நீளமாக அரிந்து, உப்பு மஞ்சள் தடவிக் காயவைப்பது. வன்னியில் வேட்டை இறைச்சியைப் பங்கு போடும்போது, எவ்வளவு வத்தலுக்குத் தேறும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கன்றிப்போன இறைச்சி காயாது, கெட்டு மணக்கும். மறுநாள் அத்தான் ரொன்னிடம் முன்னங்கால் கிடைக்குமா என்று கேட்டார்.

"முன்னங்காலோ? அதை நாய்க்குப் போடுறனாங்கள். அரைவாசி இரத்தம் கட்டிப்போய்க் கிடக்கும்."

"ஏன்?"

"மக்னம் அப்பிடித்தான். கிட்டத்தில அடிச்சா எல்லாத்தையும் கூழாக்கிப்போடும்."

"எவ்வளவு கிட்டத்தில?"

"காடு அடர்த்தி. போன வருஷம் நான் சுட்டது அறுபது யார்."

அத்தானுக்கு அன்று வேலை ஓடவில்லை. ஆறு பேரில் மிச்சமிருந்த ஐந்து பேரிடமும் போய், இதுவரை சுட்டதில் ஆகத் தூரமானது எவ்வளவு என்று கேட்டார். ஜீனோவின் தொண்ணூறு யார்தான் ஆகக் கூடியது. முந்நூறு யார் தூரத்துக்கு அப்பால் வெட்டவெளியில் நிற்கிற மிருகத்துக்காகச் செய்த தோட்டாவை இவர்கள் அறுபது யார் தூரத்தில் சுட்டு, நல்ல தோள் இறைச்சியை நாய்க்குப் போடுகிறார்கள். இயந்திரம் திருத்துகிறவருக்கு அது பொறுக்கவில்லை. எட்டாம் நம்பர் நட்டுக்குப் பதினெட்டாம் நம்பர் ஸ்பானர் பிடிக்கிற வேலை என்று வீட்டில் வந்து சொன்னார்.

சனிக்கிழமை கடைக்குப் போனார். கடைக்காரர் மக்னத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய .308 ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நூற்றெண்பது கிரெயின் எடையுள்ள சன்னம் வைத்த தோட்டா. வேகம் மக்னத்தைவிடக் குறைவு, சன்னம் பாரமானது, கிட்டத்தில் சுட்டாலும் சிதறாமல் உள்ளே போகும். உதையும் தாங்கக்கூடிய அளவு. கண்ணாடிக் குழாய் வேண்டாம் என்று அத்தான் சொன்னார். குழலின் மேலுள்ள இரும்புக் குறியே போதும். கடைக்காரர் துவக்கைத் தோளில் வைத்துக் காட்டச் சொல்லிவிட்டு, கட்டையின் பின்பக்கத்தில் முக்கால் அங்குலம் மரம் அரியும் வாளால் அரிந்தெடுத்தார். அதற்குப் பிறகு துவக்கு அத்தானின் தோளுக்குச் சட்டை போலப் பொருந்தியது.

வேலைத்தலத்தில் இது தெரிந்ததும் ஜீனோ சத்தமாக, "யோகி முயல் வேட்டைக்கு வாறான்" என்றார்.

"முயல் வந்தாலும் விடமாட்டன்" என்றார் அத்தான். "ஆனா முழுசாக் கொண்டு வருவன். நீ கொண்டு வந்தா மயிர் மட்டும்தான் இருக்கும்."

மே மாதக் கடைசி ஞாயிறு. தூறல். ரொன் கோப்பையைக் குத்திவிட்டு வந்து, தன் தூரக்கண்ணாடியோடு பக்கத்தில் நின்றார். ஜீனோவும் பார்க்க வந்திருந்தார். அக்காவும் நானும் காருக்குள் இருந்தோம். முதல் வெடி பட்டது. இரண்டாவதும் பட்டது. மூன்றாவது கோப்பைக்கு மேலால் போனது. ரொன் தலையை ஆட்டினார். நாலாவது பட்டது.

மிச்சம் ஒன்று. அத்தான் துவக்கைத் தூக்கினார், பிறகு இறக்கி வைத்துவிட்டார். கையைக் கம்பளி ஜம்பரில் துடைத்தார். ஜீனோ ஏதோ சொல்ல, ரொன் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அது நோகத் தொடங்கியிருந்தது. அத்தான் மறுபடி தூக்கினார். அவர் கண் திறந்திருந்ததா என்று காரிலிருந்து தெரியவில்லை. வெடித்தது. ரொன் தூரக்கண்ணாடியை இறக்க நேரமெடுத்தார்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி" என்றார். "இரண்டு கம்பளி கொண்டு வா. சமைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப முதலே சொல்லியிருந்தா அஞ்சு தோட்டா மிச்சம்."

மூன்று நாள் மலையில் இருந்தார்கள். மழை. சாம்பல் நிறத்தில் அட்டைகள். இரண்டாம் நாள் விடிய, நாற்பது யார் தூரத்தில், இறகு போல இலை விரிந்த பெரிய பன்னச் செடிகளுக்குள் ஒரு ஆண் மரை நின்றது. கொம்பும் ஒரு காதும் தெரிந்தன. சுடவேண்டிய தோள் தெரியவில்லை. அத்தான் துவக்கைத் தோளில் வைத்தபடி அது நகரும் என்று காத்திருந்தார். அது நகர்ந்தது, மறுபக்கத்தால். அந்த முறை ஒருவருக்குமே ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு, கழுத்தில் அட்டை கடித்த அடையாளம். அக்கா வாசலில் நின்று காரைப் பார்த்தாள். பின்பெட்டியில் ஈரக் கம்பளிகள்தான் கிடந்தன.

"வெறுங்கையோட வந்திட்டு என்னத்துக்குச் சிரிக்கிறியள்?"

"யூலை மாதம் திரும்பப் போறம்" என்றார் அத்தான், சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "ரொன் காருக்குள்ளயே ஆரார் வாறதெண்டு எண்ணினவன். என்னைக் கேக்கேல்லை. என்னையும் சேர்த்து எண்ணிப்போட்டான்."