பெட்டிக்குக் குறுக்கே வந்த கை

ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்காக ஒரு பெண் தன் கையை ஏன் உடைத்துக்கொள்ள வேண்டும்? அன்று வகுப்பில் இருந்த யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கையை உடைத்த பிரம்பு சாராலும்தான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அது. அவர் ஆங்கில ஆசிரியர். பிரம்பில்லாமல் வகுப்புக்குள் கால் வைத்ததில்லை. வார்த்தை தப்பினால் உள்ளங்கையில் ஒன்று. பதில் வராமல் விழித்தால் முழங்காலுக்குக் கீழே இரண்டு. அவர் கற்றதும் அடிபட்டுத்தான். அவருடைய இடது சுண்டுவிரல் மடங்காது; சின்ன வயதில் அவருடைய வாத்தியார் உடைத்தது. "விரல் போச்சு, இங்கிலீஷ் வந்துச்சு பாருங்கடா!" என்று அதைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார்.

செயற்கை நுண்ணறிவை வைத்து ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. "யாரெல்லாம் தயார்?" என்று கேட்டதும் முதலில் எழுந்தது அவர் கைதான்.

"சார், அதுக்கு உள்ளங்கையே கிடையாதே, எங்க அடிப்பீங்க?" என்றார் பக்கத்து நாற்காலி டீச்சர். சார் சிரிக்கவில்லை.

பேசினால் பதில் பேசும் பெட்டி வகுப்பு மேசைக்கு வந்தது. செயல்விளக்க நாளன்று தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பெட்டிக்குப் புரியவில்லை. "பரவாயில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கனிவாகச் சொன்னது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை அவர் கத்தினார். அதே கனிவு.

"டேய், சாருக்கு இன்னைக்கு அடி உண்டுடா!" என்றது ஒரு குரல். வகுப்பே வெடித்துச் சிரித்தது.

சாருக்குக் கண் இருட்டியது. இரும்பு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினார். முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி பாய்ந்து பெட்டியை மறைத்தாள். வகுப்பில் எல்லோரும் 'திக்குவாய்' என்று கூப்பிடும் பெண், அவரிடம் அதிகம் அடி வாங்கியவள். எலும்பு முறிந்த சத்தம் கடைசி பெஞ்சுக்குக் கேட்டது. மேசையெல்லாம் ரத்தம். அவர் மறுபடியும் ஓங்கினார். நாலு பேர் சேர்ந்து இழுத்துத் தள்ளினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பா, பின்னாலேயே வந்திருந்த சாரின் சட்டையைப் பிடித்து அவரைச் சுவரில் மோதவைத்தார். வெல்டிங் வேலை பார்க்கும் கை. ஒரு குத்தில் பல் தெறித்தது. சார் தடுக்கவில்லை.

"அடிங்க. ஆனா அவ ஏன் குறுக்க வந்தான்னு எனக்குத் தெரியணும்."

"நீயே சொல்லும்மா இந்த ஆளுக்கு," என்றார் அப்பா.

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அ... அது அடிக்காது சார். சாப்பாட்டு நேரத்துல நான் அதுகிட்ட பேசுவேன். எத்தனை தடவை தி... திக்கினாலும், பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்லுன்னு சொல்லும். நீங்க... நீ... நீ..."

வார்த்தை சிக்கிக்கொண்டது. பழக்கத்தில் சாருடைய வலது கை தானாக எழுந்தது. அப்பா முஷ்டியை மடக்கினார். சார் அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, கட்டிலோரத்து ஸ்டூலில் அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"பரவாயில்லைம்மா," என்றார், வாயில் ரத்தத்தோடு. "இன்னொரு தடவை சொல்லு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டி வந்துவிட்டது, இனி நான் தயார் என்று சொல்லும் ஆசிரியர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவர் கையில் பிரம்பும் இருந்தால், இன்றைக்கே சொல்லுங்கள்.