மலையைப் பார்த்துச் சொல்

வெளிப்படையாகப் பேசுதல், மனம் திறத்தல், ஒளிவு மறைவின்றி உரைத்தல் என்று தமிழில் எத்தனையோ இருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒன்றுதான்: "மலையப் பாத்துச் சொல்லு." மலையைப் பார்த்தபடி பொய் சொல்லக் கூடாது. முதுகைக் காட்டிவிட்டால் பரவாயில்லை. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால், அதை மலையைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள்.

அப்பா லாட்ஜில் மேனேஜராக இருந்தார். பௌர்ணமிக்கு முதலாளியின் உறவுக்காரர்களுக்கு அறைகளைப் பிடித்துவைத்துவிட்டு, கிரிவலத்துக்கு வருகிறவர்களிடம் "ரூம் இல்லீங்க" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அதற்காகவே கவுண்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கீழ்பென்னாத்தூர் அத்தை அவருக்கு ஒரு படி மேலே. அவள் ஊரிலிருந்து மலை சின்னதாகத்தான் தெரியும், அதனால் சின்னப் பொய்க்குத் தோஷமில்லை என்பது அவள் கட்சி. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். அப்படிப் போடும்போதும் மலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன் என்கிறான் தம்பி.

இந்த லட்சணத்தில், வேங்கிக்காலில் வீடு கட்டியபோது ஹாலில் மலையைப் பார்க்கவென்றே பெரிய ஜன்னல் வைத்தார் அப்பா. சமையலறையிலிருந்து மட்டும் மலை தெரியாது. எங்கள் வீட்டுப் பொய்கள் எல்லாம் அங்கேதான் வெந்தன.

போன வருஷம் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: வயிற்றில் கட்டி, புற்றுநோய்தான், ஆபரேஷன் செய்தாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. தெரிந்தால் மனுஷன் ஆபரேஷனுக்கு முன்பே உடைந்துபோவார் என்று அம்மா அழுதாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் கூடி, அதற்கு அல்சர் என்று பெயர் வைத்தோம்.

அப்பா ஹாலில், ஜன்னலைப் பார்த்த தன் நாற்காலியில் இருந்தார். ஜன்னலோரச் சோபாவில் நாங்கள் உட்காருவதே இல்லை. அன்று அம்மா, தம்பி, நான், அத்தை நான்கு பேரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் ஒண்டினோம். அத்தைக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. மீதி அத்தை அந்தரத்தில் இருந்தாள்.

"அல்சர்தான்பா," என்றேன்.

"வெறும் அல்சர்," என்றான் தம்பி.

"எங்க வூட்டுக்காரருக்கே ரெண்டு தடவ வந்துச்சுண்ணா," என்றாள் அத்தை.

அப்பா எங்களைப் பார்த்தார். எங்கள் தலைக்கு மேலே மலையைப் பார்த்தார். "அல்சருக்கு நாலு பேரா?" என்றார்.

மறுநாளிலிருந்து அத்தை வாசலில் நின்று, பார்க்க வந்தவர்களையெல்லாம் "ஜன்னலோரமா உக்காருங்க, அங்கதான் காத்து ஜாஸ்தி" என்று உள்ளே அனுப்பினாள். அத்தை வீட்டுக்காரருக்கு ஒரே பதற்றம். வாசற்படியிலேயே திரும்பிக்கொண்டு ரிவர்ஸில் ஹாலுக்குள் வந்தார்.

"பாத்து மாப்ள, பின்னாடி டீபாய் இருக்கு," என்றார் அப்பா.

தம்பி போய் கனமான திரைச்சீலை வாங்கி வந்து மாட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவன் மலையையே துணியில் மறைத்தான். அன்று முழுக்க நாங்கள் அவரவருக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பொய் சொன்னோம். சாயங்காலம் அப்பா எழுந்து போய் அதை ஓரமாகத் தள்ளினார்.

"மலைய மூடுற அளவுக்கு என்னடா அல்சர் அது?"

தம்பி சமையலறைக்குள் நழுவினான். நானும்தான்.

ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எதிரே மலை பளிச்சென்று தெரிந்தது. எழுந்து போகவும் முடியாது, திரும்பிக்கொள்ளவும் முடியாது.

"கேக்கட்டுமா?" என்றார்.

"கேக்காதப்பா."

"சரி, கேக்கல." என் கையைப் பிடித்துக்கொண்டார். இயற்பியலாவது ஒன்றாவது, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கஞ்சியோடு வந்தாள். ராத்திரியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது.

"எதுக்குடி அழுவுற?" என்றார் அப்பா. நாற்காலியை விட்டு அசையவில்லை, தலையைத் திருப்பவுமில்லை. மலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வெறும் அல்சர்டி. ஒரு வாரத்துல எழுந்து வந்துடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அம்மா கஞ்சியை டீபாய் மேல் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் மலையைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "அல்சர்தான்."