மூன்றாவது ஹார்டு டிஸ்க்

கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, நகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள் என்றேன். தொண்ணூறுகளின் நடுவில், சூலூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டுப் போகிற பெண் கேட்கிற பொருளா அது? கட்டில், பீரோவோடு மானிட்டரும் டெம்போவில் வந்து இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. "எதுக்குங்க டிவி ரெண்டு?" என்று ஒரு அம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

அந்த வீட்டில் அதைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டவர் என் மாமனார்தான். எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். எந்த மிஷினாக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து அது ஓடுவதைப் பார்க்க வேண்டும் அவருக்கு. "இதுல என்ன வேலை ஆகும் கண்ணு?" என்றார். பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுக்கலாம், காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கலாம் என்றேன். "அடிச்சுக் குடு. படிச்ச படிப்பு எதுக்கு இருக்குது?" என்றார். பின்கட்டில் தறிக்குடோனை ஒட்டியிருந்த சின்ன அறையை மாமியார் ஒழித்துக் கொடுத்தார். சுவரோடு சேர்த்து மேசையைப் போட்டு நான் வேலையைத் தொடங்கினேன். சிங்காநல்லூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தின் வினாத்தாள் வேலை முழுக்க எனக்கே வந்தது.

வருஷம் திரும்புவதற்குள் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. காலையில் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது, அவ்வளவுதான். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கரண்ட் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்றார் கடைக்காரர். புது டிஸ்க்கோடு ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி வைத்தோம். அடுத்த அரையாண்டுப் பரீட்சை நேரத்தில், பாதி வினாத்தாள்கள் உள்ளே இருக்கும்போது, அந்த இரண்டாவது டிஸ்க்கும் படுத்துக்கொண்டது. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தது போக மீதியை நானும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடியும் அடித்தோம். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அதே மரியாதையோடு சொல்லியும் அனுப்பினார்.

கடைக்காரர் அந்தச் செத்த டிஸ்க்கைத் தன் மிஷினில் மாட்டி ஓடவிட்டபோது, உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. "ஏனுங்க அம்மணி, இந்தச் சத்தம் ஊட்ல கேக்கவே இல்லீங்களா? போற டிஸ்க்கு ரொம்ப நாளாச் சொல்லிட்டேதானுங்க போகும்" என்றார். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்பதற்கே கத்த வேண்டும். இரண்டு ஷிப்ட்டும் எட்டுத் தறி அடித்துக்கொண்டிருக்க, டிஸ்க்கின் முனகல் யார் காதில் விழும்? அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. லாட்டே சரியில்லாத சரக்காக இருக்கும் என்று அவர் முடித்ததை நம்பிவிட்டேன்.

மூன்றாவது டிஸ்க் வாங்க மாமனாரே கூட வந்தார். அதற்கு முன்னால் நான் விசாரிக்காத ஆள் இல்லை. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன், பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் புரட்டினேன். ஒருத்தர் உசத்தி என்ற கம்பெனியை இன்னொருத்தர் குப்பை என்றார். கடைக்காரர் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று நல்ல கம்பெனி, மூன்று வருஷ வாரண்டி, ஆனால் இடம் கம்மி. இன்னொன்று பில் இல்லாமல் சென்னையிலிருந்து வருவது. இடம் இரண்டு மடங்கு, விலையும் குறைவு, உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டும். மூன்றாவது ஏதோ ஆபீஸில் ஓடிக் கழித்தது, அடிமாட்டு விலை. மாமனார் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "மோட்டாரோ டிஸ்க்கோ, கனமா இருக்கறதுதானுங்க நிக்கும்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வாரண்டி டிஸ்க்கை என் பக்கம் நகர்த்தினார். என் முடிவும் அதுதான். வாரக்கணக்கில் நான் மண்டையை உடைத்துக்கொண்டதை மனிதர் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். கடை என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகம் மாறியிருந்தது. "இதும் போச்சுன்னா பொட்டிய வித்துப்போடலாம் கண்ணு. ஊட்ல ஆளாளுக்குப் பேசறாங்க. நானும் எத்தனை நாளைக்குத்தான் பதில் சொல்றது?" என்றார். சரிங்க மாமா என்றேன். பொட்டி போனால் அதோடு என் வேலையும் போகும். அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் சோறாக்கவும் தறிக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்றவும் மட்டும்தான்.

டிஸ்க் வந்த கொஞ்ச நாளில் நூல் கொடுக்கும் ஜவுளிக்காரர்களிடம் கூலி உயர்வு கேட்டுச் சுற்று வட்டாரத் தறிக்காரர்கள் எல்லாரும் தறிகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் குடோனும் நின்றது. முதல் நாள் அந்த அமைதி எனக்குப் பயமாகவே இருந்தது. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. மாமியார் பழக்கத்தில் கத்திப் பேசிவிட்டுத் தானே வெட்கப்பட்டார். அறைக்குள் போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே டிஸ்க் மெதுவாக ஒரே சீராக இரைந்தது. கம்ப்யூட்டர் வாங்கி இத்தனை நாளில் அதற்கு ஒரு சத்தம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தறி நிற்க நிற்க வீட்டில் முகங்கள் இறுகின. முன்கூடத்தை எங்கள் பக்கம் ஆசாரம் என்போம். அங்கே காலையிலிருந்து தறிக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். மாமனார் நடுவில் நாற்காலியில் இருப்பார். வாரத்துக்கு இரண்டு சந்தை செலவு என்பது ஒன்றாகக் குறைந்தது. அந்தச் செலவு என் டைப்பிங் காசில் நடந்தது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கோ வேலை தடையில்லாமல் ஓடியது. முன்பெல்லாம் எதையாவது சேமிக்கப் போனால் திணறித் திணறி நிற்கும். இப்போது தட்டினவுடனே முடிந்தது. வீடே கவலையில் கிடக்க, மனதுக்குள் நான் மட்டும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

பேச்சுவார்த்தை முடிந்து, மறுநாள் தறி ஓட்டலாம் என்று ஆனது. அன்று மத்தியானம் என் கணவர் எண்ணெய் விட்டு இரண்டு தறிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தார். நான் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தேன். தறி ஓடத் தொடங்கியதும் தண்ணீர் நடுங்கியது. மேசையில் கை வைத்தேன், சுவரில் கை வைத்தேன், கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வைத்தேன். எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தன. இரண்டு தறிக்கே இப்படி. கரண்டும் இல்லை, கம்பெனியும் இல்லை. இரண்டு டிஸ்க்கையும் இந்தச் சுவர்தான் தின்றிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

கணவரைக் கூப்பிட்டு டம்ளரைக் காட்டினேன். பார்த்தார். "தறின்னா அதிரத்தானே செய்யும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்பாகிட்ட நீயே கேளு" என்று நழுவிவிட்டார். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்லை. நேரே ஆசாரத்துக்குப் போய் மாமனாரிடம் சொன்னேன். மேசையை இங்கே ஒரு மூலையில் போட்டுக்கொள்கிறேன், குடோனுக்குத் தூரமாக இருப்பது வீட்டிலேயே இந்த ஓர் இடம்தான் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நாலு பேரு வந்து போற எடம் கண்ணு. வர்றவங்க முன்னால மருமக பொட்டியத் தட்டிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நாங்க எங்க போறது?" என்றார். நான் நகராமல் நின்றேன். அவரே இறங்கி வந்தார். "இருக்கறதுலயே ஒசத்தியான டிஸ்க்கா வாங்கிக்க. வெலை எத்தனை ஆனாலும் சேரி. கூலிதான் ஏத்திக் குடுத்துட்டாங்களே" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. எந்த விலைக்கும் டிஸ்க் வாங்கித் தர அந்த நல்ல மனிதர் தயாராக இருந்தார். கொஞ்சம் தள்ளி உட்கார எனக்கு ஓர் இடம் தர அவரால் முடியவில்லை.

மறுநாள் காலையில் ஆண்கள் எல்லாரும் தேங்காய் உடைக்கக் குடோனுக்குப் போனார்கள். நான் போகவில்லை. வயர்களைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆசாரத்துக்கு நடந்தேன். மேசையை இழுக்கும் சத்தம் கேட்டுக் கணவர் வந்து வாசற்படியில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அறைக்குப் போய் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமியார் அடுப்படியிலிருந்து, "என்ன காரியம் பண்றே அம்மணி?" என்றார். பிறகு அவரே தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார். தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை.

மாமனார் நூல் வியாபாரி ஒருவரோடு பேசிக்கொண்டே முன்வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சத்தம் போடுவார், பெட்டியை எடு என்பார் என்று எழுந்து நின்றேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் வியாபாரியிடம், "வாங்க, குடோன்லயே உக்காந்து பேசிக்கலாம்" என்று சொல்லித் திரும்பி நடந்தார். சாயங்காலம் அவருடைய நாற்காலியும் குடோனுக்குப் போய்விட்டது.

பெட்டியை எடுக்கச் சொல்லி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாரையும் சொல்லவிட்டதும் இல்லை. அந்த டிஸ்க் கெடாமல் வருஷக்கணக்கில் உழைத்தது. பள்ளிக்கூடங்கள் கூடின, கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. அவர் மட்டும் குடோன் வழியாகப் பின்கட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அதே வழியாகப் போனார். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஒருநாள் தீர்ந்திருக்கும். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஐப்பசியில் நல்ல மழை. வேலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மாமனார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு நேரே தெருவில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. எழுந்து ஓடி, "நனையறீங்களே மாமா, உள்ள வாங்க" என்றேன். என்னையும் என் பின்னால் திரை எரிந்துகொண்டிருந்த பெட்டியையும் பார்த்தார். "பரவால்லீங்க அம்மணி. நீங்க வேலையப் பாருங்க" என்றார். அதுவரை அவர் என்னை நீங்க என்றதில்லை. வெளியூர்ப் பெண்ணிடம் பேசுவது போலச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு மழையிலேயே குடோன் பக்கம் நடந்தார்.